ராஜா கச்சேரியைக் காதில் வாங்காமல் கேட்பது எப்படி?

இளையராஜா கச்சேரிக்குப் போகிறீர்களா? வாழ்த்துகள். சொந்தமாக இசையமைத்து, பல பாட்டுகளைச் சொந்தமாக எழுதி, சொந்தக் குரலில் பாடவும் செய்கிற ஒருவர் உங்கள் முன்னால் ஹார்மோனியத்தோடு வந்து நிற்கப்போகிறார். 1976-இல் ‘அன்னக்கிளி’யில் தொடங்கி ஆயிரம் படங்களைத் தாண்டியவர். 81 வயதில், 2025 மார்ச் 8 அன்று, லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை வைத்துத் தன் முதல் சிம்பொனியை அரங்கேற்றியவர். அவர் பங்குக்கு எல்லாம் செய்தாகிவிட்டது. இனி உங்கள் பொறுப்பு. மூன்று மணி நேரத்துக்கு மேல் எதிரே உட்கார்ந்திருந்தும் ஒரு சுரம்கூட உள்ளே இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பயப்படாதீர்கள். இதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே கைவந்த கலை. மீதிப் பாதிக்குத்தான் இந்தக் குறிப்புகள்.

1. டிக்கெட் வாங்காதீர்கள்.

காசு கொடுத்துப் போகிறவனுக்குக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் வந்துவிடும். பாஸ் கேளுங்கள். ஸ்பான்சர் கம்பெனியில் வேலை பார்க்கும் மச்சானின் நண்பர், பந்தல்காரர், ஸ்டேஷனில் தெரிந்த ஏட்டையா என்று வரிசையாகக் கூப்பிடுங்கள். “நமக்கு ஒரு நாலு பாஸ்” என்று சொல்லும்போது குரலில் உரிமை தெரிய வேண்டும். கிடைத்த பிறகு, “என்னங்க, டோனர் பாஸ் இல்லையா?” என்று கேட்க மறக்காதீர்கள். ஓசியில் கிடைத்த சீட்டைக் குறை சொல்வதில் இருக்கும் சுகம் காசு கொடுத்து வாங்கியதில் கிடையாது.

2. காரில் போங்கள்.

நந்தனம் ஒய்எம்சிஏ மைதானம் என்றால் மெட்ரோ ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால்தான் காரில் போகச் சொல்கிறேன். 2023 செப்டம்பரில் பனையூரில் நடந்த ரஹ்மான் கச்சேரிக்கு டிக்கெட் வைத்திருந்தும் உள்ளே நுழைய முடியாமல் பலர் திரும்பினார்கள். அவர்களுக்கு அது தலைவிதியால் நடந்தது. நீங்கள் சொந்த முயற்சியால் அந்த நிலையை எட்ட வேண்டும்.

3. முதல் பாட்டு ஓடும்போது உள்ளே நுழையுங்கள்.

ஆறரை என்று போட்டிருந்தால் ஆறரைக்குக் குளிக்கப் போங்கள். ராஜா பெரும்பாலும் ‘ஜனனி ஜனனி’யில் ஆரம்பிப்பார். 1982-இல் ‘தாய் மூகாம்பிகை’க்காக வாலி எழுதியது, கல்யாணி ராகம். மொத்தக் கச்சேரியிலும் கூட்டம் வாயை மூடிக்கொண்டிருக்கும் நேரம் அது ஒன்றுதான். வரிசைக்குள் நுழைய இதைவிடத் தோதான நேரம் இல்லை.

ஃபோன் டார்ச்சை அடித்து ஒவ்வொரு நாற்காலி முதுகையும் படியுங்கள். கையில் சமோசாத் தட்டு இருக்கட்டும். உட்கார்ந்திருப்பவர்களின் முழங்காலைத் தாண்டித் தாண்டிப் போய், வரிசையின் சரியான நடுவில் நின்று, வாசலில் தங்கிவிட்ட மாமியாரைக் கூப்பிடுங்கள். “அத்தை, இங்க! இங்க!” அவர் உங்களைப் பார்க்க மாட்டார். மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். பழைய காலத்து மனுஷி, கச்சேரிக்கு வந்தால் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். கையைத் தட்டிக் கூப்பிடுங்கள்.

உட்கார்ந்தபின் பார்த்தால் அது உங்கள் வரிசையாக இருக்காது. எழுந்திருங்கள். வந்த வழியே திரும்புங்கள்.

4. இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்குங்கள்.

கும்பிட அல்ல, படம் பிடிக்க. மேடையைப் பிடிக்காதீர்கள், அது தூரத்தில் இருக்கிறது. பக்கத்தில் வைத்திருக்கும் எல்இடி திரையைப் பிடியுங்கள். மேடையைக் கேமரா பார்க்க, கேமராவைத் திரை காட்ட, திரையை உங்கள் ஃபோன் விழுங்க, உங்களுக்குப் பின்னால் இருப்பவர் வேறு வழியில்லாமல் உங்கள் ஃபோனைப் பார்க்க, இப்படியாக ராஜா பல கை மாறி அவரிடம் போய்ச் சேருவார்.

ராஜா பாட்டில் பேஸ் கிட்டார் பின்னால் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும் என்பார்கள். உங்கள் பதிவில் அது மாவு மில் ஓடுவதுபோலக் கேட்கும். பரவாயில்லை, வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சரணம் தொடங்கும்போது “ஸ்டோரேஜ் ஃபுல்” என்று வரும். பதற்றம் வேண்டாம். அப்படியே குனிந்து கேலரியைத் திறந்து, போன பொங்கலுக்கு வந்த வாழ்த்துப் படங்களை ஒவ்வொன்றாக அழியுங்கள். கரும்பு, பானை, கோலம், மாடு, மறுபடி கரும்பு. மொத்தமாக அழிக்க ஒரு வழி இருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிடும் என்பதால் அதுவும் நல்ல வழிதான்.

இடம் கிடைத்ததும் நியூஜெர்சியில் இருக்கும் அத்தை மகளுக்கு வீடியோ கால் போடுங்கள். அங்கே காலை நேரம். அவள் காபிக் கோப்பையோடு வருவாள். “கேக்குதா?” என்று கத்துங்கள். “கேக்கலைடா.” “இப்ப கேக்குதா?” “நீ பேசுறது கேக்குது.” இந்த உரையாடல் ஒரு பல்லவி, இரண்டு சரணத்துக்குத் தாங்கும்.

5. வரப்போவதை முன்கூட்டியே அறிவியுங்கள்.

மற்றவர்களின் ரசிகர்கள் பாட்டை மட்டும் மனப்பாடம் செய்வார்கள். நாம் இன்டர்லூடையும் சேர்த்துச் செய்தவர்கள். இந்தப் பெருமையை வீணாக்கலாமா? பக்கத்து சீட்டுக்காரர் பக்கம் சாய்ந்து, “இப்ப ஃப்ளூட் வரும் பாருங்க” என்று சொல்லுங்கள். வரும். “இப்ப வயலின் எல்லாம் சேர்ந்து மேல ஏறும்.” ஏறும். “இங்க ஒரு செகண்ட் கேப் விடுவாரு.” விடுவார், அந்த கேப்பில்தான் நீங்கள் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

கூடவே பாடுங்கள். அரைக் கட்டை மேலே பிடித்தால் தனியாகக் கேட்கும். வார்த்தை மறந்த இடத்தில் “நன்னன்னா” போடுங்கள்.

வாசிக்கிறவர்களைப் பார்த்துவிட மட்டும் வேண்டாம். ராஜாவின் புல்லாங்குழல்காரர் நெப்போலியன்தான் அருண்மொழி என்ற பெயரில் அத்தனை பாட்டும் பாடியவர், ‘இளைய நிலா’வின் (1982) அந்தக் கிட்டார் சந்திரசேகர் என்பவரின் விரல் என்றெல்லாம் தெரிந்துவிட்டால் கண் தானாக மேடைப் பக்கம் போக ஆரம்பிக்கும். ஒரு தடவை போன கண்ணைத் திருப்புவது சிரமம்.

6. குரலுக்கு மார்க் போடுங்கள்.

எண்பது தாண்டியவரின் குரல் 1985-இல் பதிவான குரல் மாதிரி இல்லை என்பதைக் கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்ததை உடனே பக்கத்தில் சொல்லுங்கள், வேறு யாராவது முந்திவிடுவார்கள். “சுருதி கொஞ்சம் இறங்குதுல்ல?” உங்கள் ‘ச’ எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் இருமிவிடுங்கள்.

அவரே போட்ட மெட்டை மேடையில் அவரே ஓர் இடத்தில் மாற்றிப் பாடினால் கடும் ஆட்சேபம் தெரிவியுங்கள். “பாட்டையே மாத்திட்டாரு!” மாற்றாமல் அப்படியே பாடினால், “இதுக்கு வீட்லயே கேசட் போட்டுக் கேட்டிருக்கலாம்.” இரண்டையும் ஒரே மாலையில் சொல்ல முடிந்தால் நீங்கள் தேர்ந்த ரசிகர்.

எஸ்.பி.பி. பாட்டு ஒன்றை சின்னப் பையன் யாராவது பாட வருவான். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே, “என்ன இருந்தாலும் எஸ்.பி.பி. எஸ்.பி.பி.தான்” என்று சொல்லுங்கள். ஸ்வர்ணலதா 2010-இல் போய்விட்டார், மலேசியா வாசுதேவன் 2011-இல், எஸ்.பி.பி. 2020 செப்டம்பர் 25-இல். இத்தனைக்கும் பொறுப்பு மைக்கைப் பிடித்துக்கொண்டு கை நடுங்க நிற்கும் அந்தப் பையன்தான். அப்படியே முறையுங்கள். அவன் நன்றாகப் பாடிவிட்டால் செல்ஃபோனைப் பாருங்கள்.

7. அவர் பாட்டை நிறுத்தினால் கொண்டாடுங்கள்.

இதுதான் நீங்கள் காத்திருந்த கட்டம். யாரோ ஒருவர் எங்கோ ஓர் இடத்தைத் தவறவிட்டிருப்பார். ராஜா கையைத் தூக்குவார். எல்லாம் நிற்கும். அவர் திரும்பி ஏதோ சொல்வார், ஒரு தாளைக் காட்டுவார், மறுபடி முதலிலிருந்து.

விசிலடியுங்கள். பாட்டைப் பிடிக்காத ஃபோன் எல்லாம் இப்போது மேலே வரட்டும். இருபது விநாடி வெட்டி, “ராஜா சார் காண்டாயிட்டாரு” என்று தலைப்பு வைத்து, மேடையில் மறுபடி பாட்டு தொடங்குவதற்குள் ஏற்றிவிடுங்கள். பாட்டு மொத்தமும் பார்க்காத கூட்டம் இந்த இருபது விநாடியைப் பார்க்கும்.

ஏன் நிறுத்தினார் என்று மட்டும் யோசித்துவிடாதீர்கள். அந்த யோசனை எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போகும். 70, 80களில் பாட்டுப் பதிவு என்றால் ட்ராக் ட்ராக்காகப் பிரித்து வைத்து ஒட்டுவது கிடையாது. ராஜா உட்கார்ந்து ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியாக நொட்டேஷன் எழுதிக் கொடுப்பார். வயலின்காரர்கள், தபலா, கிட்டார், கோரஸ், கண்ணாடி அறைக்குள் பாடகர், எல்லாரும் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். கடைசிச் சரணத்தில் ஒருத்தர் கால் நொடி முந்தினாலும் எல்லாருக்கும் மறுபடி பல்லவி. ‘அன்னக்கிளி’யின் முதல் பாட்டைப் பதிய ஆரம்பித்த நேரத்தில் கரண்ட் போன கதை ஊருக்கே தெரியும். நீங்கள் டீக்கடையிலும் டவுன் பஸ்ஸிலும் கேட்டு வளர்ந்த பாட்டுகள் இப்படி நிறுத்தி நிறுத்தி வந்து சேர்ந்தவை. அப்போது கதவைப் பூட்டிக்கொண்டு நடந்த வேலை. இன்றைக்கு விளக்கைப் போட்டு, உங்கள் முன்னாலேயே, தாளைக் காட்டிச் செய்கிறார். கேசட்டில் கிடைக்காதது என்று இந்த மாலையில் ஏதாவது உண்டென்றால்...

பார்த்தீர்களா? இதற்குத்தான் சொன்னேன். உடனே எழுந்து பஜ்ஜி வாங்கப் போங்கள்.

8. திரும்பி வரும்போது, நீங்கள் பஜ்ஜி வரிசையில் நின்றபோது பாடி முடித்த பாட்டைக் கேட்டுக் கத்துங்கள்.

9. அவர் போடாத பாட்டையும் கேளுங்கள்.

80களில் நல்ல பாட்டு என்றாலே ராஜா பாட்டுதான் என்ற உங்கள் நம்பிக்கை உயர்ந்தது. ‘ஊமை விழிகள்’ (1986) பாட்டை உரக்கக் கேளுங்கள், அது மனோஜ்–கியான். ‘புது வசந்தம்’ (1990) கேளுங்கள், அது எஸ்.ஏ.ராஜ்குமார். முன்வரிசையில் யாராவது திரும்பிப் பார்த்தால் இன்னும் சத்தமாகக் கேளுங்கள். ராஜா பாட மறுத்துவிட்டார் என்று வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம்.

10. யார் எழுதியது என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

வழி மிகச் சுலபம். சோகமாக இருந்தால் கண்ணதாசன். நிலவு, மழை, மாலை வந்தால் வைரமுத்து. ராஜா–வைரமுத்து கூட்டணி 1980-இல் ‘நிழல்கள்’ படத்தில் தொடங்கி 80களின் நடுவோடு முடிந்துவிட்டது என்பதெல்லாம் உங்களுக்கு ஒரு பொருட்டல்ல. 1995 பாட்டுக்கும் வைரமுத்தே. ‘இதயம் ஒரு கோவில்’ வரும். ‘இதயக் கோவில்’ (1985) படத்துக்காக ராஜாவே எழுதிய பாட்டு அது. எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் ஒரே ஆளாக எதிரில் நின்றுகொண்டிருக்கிறார். “வைரமுத்து என்னமா எழுதியிருக்காரு!” என்று சொல்ல இதுதான் சரியான இடம்.

11. ராயல்டி விவகாரத்தை எடுங்கள்.

மெலடி ஒன்று ஓடும்போது எடுத்தால் எல்லாருக்கும் கேட்கும். “பாட்டுக்கெல்லாம் காசு கேக்குறாராமே?” 2017-இல் எஸ்.பி.பி.க்கே நோட்டீஸ் அனுப்பியதைச் சொல்லுங்கள். 2024-இல் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ படத்தில் ‘குணா’ பாட்டு வந்ததற்கு அனுப்பியதைச் சொல்லுங்கள். இசையமைத்தவருக்கு எவ்வளவு, தயாரிப்பாளருக்கு எவ்வளவு, ஆடியோ கம்பெனிக்கு எவ்வளவு என்பது கோர்ட்டிலேயே சிக்கலான கேள்வி. நீங்கள் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லுங்கள்: “ஜனங்க ரசிக்கிற பாட்டு, ஜனங்களுக்குச் சொந்தம்.”

இதைச் சொல்லும்போது சட்டைப் பையில் ஓசிப் பாஸ் இருக்க வேண்டும். கையில் இருக்கும் ஃபோனிலிருந்து அவருடைய பாட்டு உங்கள் யூடியூப் சேனலுக்கு ஏறிக்கொண்டிருக்க வேண்டும். சேனலில் விளம்பரம் வந்தால் விசேஷம்.

12. ராஜாவா ரஹ்மானா?

கேளுங்கள். பதில் முக்கியமில்லை. ராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்த பையன்தான் 1992-இல் ‘ரோஜா’வோடு வந்தார் என்று யாராவது சமாதானமாகப் பேச வந்தால், அவரை உட்கார வையுங்கள்.

13. ‘ராக்கம்மா’வுக்கு நாற்காலிமேல் ஏறுங்கள்.

‘தளபதி’ (1991) பாட்டு. பிபிசி உலக சேவை 2002-இல் நடத்திய வாக்கெடுப்பில் உலகின் முதல் பத்துப் பாடல்களில் நான்காவதாக வந்தது. ஆகவே நாற்காலி உடைந்தாலும் நாட்டுக்குப் பெருமைதான். உங்களுக்குப் பின்னால் ஊன்றுகோலோடு வந்த பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவருக்கு இனி உங்கள் பெல்ட் தெரியும்.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது தாளம் அடங்கி, பெண் குரல்கள் எழும். அப்பர் தேவாரம். ஏழாம் நூற்றாண்டுப் பதிகத்தைத் தூக்கி ரஜினி குத்துக்கு நடுவே வைத்து, இரண்டுக்கும் பங்கம் வராமல் வெளியே எடுத்துக் கொண்டுவருகிற வேலை அங்கே நடக்கும். எனக்குத் தெரிந்து சினிமாப் பாட்டில் இப்படி ஒரு துணிச்சல் அபூர்வம். பல நல்ல விசில்காரர்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்து, வாயிலிருந்து விரலை எடுத்துவிடுகிறார்கள். நீங்கள் எடுக்காதீர்கள்.

14. கடைசிப் பாட்டுக்கு முந்தின பாட்டில் கிளம்புங்கள்.

“பார்க்கிங்ல மாட்டிக்குவோம்” என்று குடும்பத்தையே எழுப்புங்கள். மாமியார் எழுந்திருக்க மாட்டார், தோளைத் தட்டுங்கள். இதே யோசனை தோன்றிய மற்ற ஆயிரம் பேரும் உங்களுக்கு முன்னால் காரை எடுத்திருப்பார்கள். கேட்டில் முக்கால் மணி நேரம் நிற்பீர்கள். மைதானத்திலிருந்து கடைசிப் பாட்டு நன்றாகவே கேட்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியைப் போட்டு, காரில் அதே பாட்டின் ஒரிஜினலை வையுங்கள். “இது பாட்டு!” என்று ஸ்டியரிங்கில் தட்டுங்கள்.

15. வீடியோவைக் குடும்பக் குழுவில் போடுங்கள்.

பிடித்த பதினாறு வீடியோவையும் போடுங்கள். “காட்ஸ் ஆர் நாட் பார்ன் எவ்ரி டே” மாதிரி ஏதாவது மேலே எழுதுங்கள். தமிழில் எழுதினால் பிழை வரும். சித்தப்பா கட்டை விரல் போடுவார், திறக்காமலே. கொஞ்ச நேரம் கழித்துச் சித்தி கேட்பார்: “யாரு பாடுறது? மனோவா?”

திறந்து பாருங்கள். திரைக்குள் திரையாக வெள்ளையாய் ஓர் உருவம், இரைச்சல், பக்கத்தில் யாரோ சமோசா கேட்கும் குரல், எல்லாவற்றுக்கும் மேலே நீங்கள். அது ராஜாவே பாடிய பாட்டுதான். விளக்கிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். “ஆமா சித்தி” என்று போட்டுவிட்டு, அடுத்த கச்சேரிக்குப் பாஸ் சொல்லி வையுங்கள்.